பஃப்பில் இருக்கும் ஸ்டீராய்டு எங்கே போகிறது?

குழந்தையின் ஆஸ்துமாவுக்கு எழுதிக்கொடுத்த இன்ஹேலர் பெட்டிக்குள் எட்டாக மடித்துத் திணித்த ஒரு காகிதம் இருக்கும். எல்லாம் பொடி எழுத்து. அதைப் பிரித்துப் படிக்கும் பெற்றோரின் கண்ணில் முதலில் படுவது ‘கார்டிகோஸ்டீராய்டு’ என்ற சொல்தான். அதற்குக் கீழே வளர்ச்சி குறைதல், அட்ரினல் சுரப்பி ஒடுங்குதல், கண்புரை என்று ஒரு பட்டியல். அன்று ராத்திரியே, மருத்துவரிடம் சொல்லாமல், வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது: இளைப்பு வந்தால் மட்டும் கொடுப்போம், நன்றாக இருக்கும் நாளில் எதற்கு இந்த மருந்து? பயம் நியாயமானது. கணக்குதான் தப்பு.

20 கிலோ எடையுள்ள குழந்தை. தினமும் பஃப்பாக இழுக்கும் ஸ்டீராய்டான பியூடசோனைடு 200 மைக்ரோகிராம் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அதை நிறுத்தியதில் ஒரு நாள் கடுமையான இளைப்பு வந்துவிடுகிறது. அப்போது கொடுப்பது பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, வாய்வழியாக, கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், 3 முதல் 5 நாள். குறைந்த அளவையே எடுத்துக்கொள்வோம்: நாளுக்கு 20 மில்லிகிராம், 5 நாளில் 100 மில்லிகிராம். மைக்ரோகிராமில் சொன்னால் 1,00,000. தினமும் 200 வீதம் இழுத்தால் இந்த எண்ணிக்கையைத் தொட 500 நாள் ஆகும். எடைக்கு எடை பார்த்தால் பியூடசோனைடு பலமடங்கு வீரியமான மருந்து, ஆகவே இரண்டையும் அப்படியே தராசில் வைக்க முடியாது. ஆனால் மாத்திரை ஏறக்குறைய முழுவதும் ரத்தத்துக்குப் போகிறது, பஃப்பில் ஒரு பங்குதான் போகிறது. வருஷத்துக்கு மூன்று நான்கு முறை பிரட்னிசோலோன் வாங்கும் குழந்தையின் உடம்பு, தினமும் குறைந்த அளவு பஃப் எடுக்கும் குழந்தையின் உடம்பைவிட அதிக ஸ்டீராய்டைப் பார்க்கிறது. பஃப்பைத் தவிர்த்தவர்கள் ஸ்டீராய்டைத் தவிர்த்ததாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

உடற்பயிற்சிக்கூடங்களில் தசை ஏற்றப் பயன்படுத்துகிறார்களே, அந்த ஸ்டீராய்டு வேறு குடும்பம். இது நம் அட்ரினல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் உறவு. ‘பழகிவிடும்’ என்பதும் சரியில்லை. நிறுத்தினால் இளைப்பு திரும்புவது மருந்துக்கு அடிமையானதால் இல்லை. உள்ளே அழற்சி இன்னும் இருப்பதால்.

இனி அந்தப் பஃப்பைப் பின்தொடர்ந்து போவோம். பக்கவிளைவு என்ற விஷயம் முழுக்க இந்தப் பாதையில்தான் இருக்கிறது.

அழுத்தி அடிக்கும் இன்ஹேலரை நேராக வாயில் வைத்து அடித்தால் மருந்தின் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டைச் சுவரிலும் மோதி அங்கேயே தங்கும். நுரையீரலுக்குப் போய்ச் சேர்வது சுமார் 10 முதல் 20 சதவீதம்தான். தொண்டையில் தங்கியது எச்சிலோடு வயிற்றுக்குள் இறங்கி, குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அங்கே காவல் நிற்கிறது. இன்ஹேலர் ஸ்டீராய்டுகளில் ஒன்றான ஃப்ளூட்டிகசோனை விழுங்கினால் நூற்றில் ஒரு பங்குகூட அதைத் தாண்டுவதில்லை. பியூடசோனைடில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாண்டும். இன்னொரு வகையான பெக்லோமெத்தசோனில் அதைவிடக் கூடுதலாக. நுரையீரலில் இறங்கிய மருந்துக்கோ இந்தக் காவல் கிடையாது. வேலையை முடித்துவிட்டு நேராக ரத்தத்தில் கலக்கிறது. அதாவது, தொண்டைக்குப் போகும் மருந்தால் குழந்தைக்கு நன்மை எதுவும் இல்லை, தொந்தரவு மட்டும் உண்டு. நுரையீரலுக்குப் போகும் மருந்தில் நன்மை, உடம்பு முழுவதற்குமான பக்கவிளைவு, இரண்டும் உண்டு. முன்னதைக் குறைப்பது, இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் குழாயான ஸ்பேசரின் வேலை. பின்னதைக் குறைக்க அளவைத்தான் குறைக்க வேண்டும்.

தொண்டையில் தங்கும் மருந்து செய்கிற சேட்டைகள் மூன்று: வெள்ளைப் பூஞ்சை, குரல் கம்மல், இருமல். பூஞ்சை கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கிலும் மேலண்ணத்திலும் வெள்ளைத் திட்டாகப் படியும். பால் குடித்ததால் படியும் வெள்ளை என்றால், துணியால் துடைத்தால் போய்விடும். இது சுலபத்தில் வராது, சுரண்டினால் அடியில் சிவந்திருக்கும். நிஸ்டாட்டின் சொட்டு மருந்தில் சரியாகிவிடும். அதற்காக இன்ஹேலரை நிறுத்த வேண்டியதில்லை. வராமல் தடுக்க, பஃப் எடுத்ததும் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. துப்பத் தெரியாத வயது என்றால் இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்க வைத்து, ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிடலாம். இதைத் தனி வேலையாக வைத்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். காலையிலும் இரவிலும் பல் தேய்ப்பதற்கு முன்னால் பஃப் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. உலர்பொடி இன்ஹேலர் சிலவற்றில் லாக்டோஸ் என்ற சர்க்கரை கலந்திருப்பதால், பஃப்புக்குப் பிறகு பல் தேய்ப்பது பல்லுக்கும் நல்லது.

குரல் கம்மலுக்குக் கொப்பளிப்பு அவ்வளவாக உதவாது. மருந்து நேராகக் குரல்நாணில் படிவதால் வருவது அது. ஸ்பேசருக்கு மாறினால் பலருக்குக் குறையும், மருந்தின் அளவைக் குறைத்தால் போய்விடும். மாஸ்க் வைத்துக் கொடுக்கும் குழந்தைக்கு வாயைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள் வந்தால் அது மாஸ்க்குக்கு அடியில் தோலில் படிந்த ஸ்டீராய்டின் வேலையாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் முகத்தைக் கழுவ வேண்டும். நெபுலைசரில் பியூடசோனைடு கொடுக்கும்போது மாஸ்க் தளர்ந்திருந்தால் புகை கண்ணை நோக்கித்தான் போகும். அங்கே முகம் கழுவுவது இன்னும் முக்கியம். அந்த மருந்து திரவத்தில் மிதக்கும் நுண்துகள் என்பதால் காற்றழுத்த வகை நெபுலைசரில்தான் சரியாக வெளிவரும். அல்ட்ராசோனிக் வகையில் போட்டால் மருந்து குப்பியிலேயே தங்கிவிடும்.

ஸ்பேசரைப் பற்றி கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரின் பின்பக்கம் செருகுங்கள். மாஸ்க் என்றால் மூக்கும் வாயும் முழுக்க மூடி, கன்னத்தில் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். ஒரே ஒரு பஃப். குழந்தை சாதாரணமாக மூச்சு விட்டபடி 5 அல்லது 6 முறை இழுக்கட்டும். வால்வு திறந்து மூடுவதைப் பார்த்தே எண்ணலாம். சில ஸ்பேசர் விசிலடிக்கும். அது பாராட்டு இல்லை, வேகமாக இழுக்கிறது என்ற எச்சரிக்கை. இரண்டாவது பஃப் வேண்டுமென்றால் அரை நிமிஷம் விட்டு, மறுபடி குலுக்கி, மறுபடி முதலிலிருந்து. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டையும் சேர்த்து அடித்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி ஸ்பேசர் சுவரிலேயே படிந்துவிடும். இரண்டு பஃப் அடித்து ஒன்றுகூட உருப்படியாக உள்ளே போகாது. நாலு வயதுவாக்கில் பெரும்பாலான குழந்தைகள் மாஸ்க்கை விட்டு வாய்க்குழலுக்கு மாறிவிடலாம். மாறினால் மூக்கில் வடிகட்டப்பட்டு வீணாவதும் நின்றுவிடும்.

அழுகிற குழந்தைக்கு மாஸ்க்கை அமுக்கிப் பிடித்து அடித்துவிட்டு, ‘வாயைத் திறந்து அழுததால் நன்றாக உள்ளே போயிருக்கும்’ என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். நேர்மாறாகத்தான் நடக்கும். அழுகை என்பது நீண்ட வெளிமூச்சு, நடுவில் வெடுக்கென்று ஒரு உள்ளிழுப்பு. அந்த வேகத்தில் மருந்து தொண்டையில் மோதி நிற்கும், நுரையீரலுக்கு மிகச் சொற்பம்தான் போகும். முகத்திலிருந்து மாஸ்க்கை ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தாலும் இதே கதி. பஃப் அடிக்காமல் வெறும் ஸ்பேசரையும் மாஸ்க்கையும் இரண்டு மூன்று நாள் விளையாடக் கொடுங்கள், பொம்மைக்கு வைத்துப் பார்க்கட்டும். அந்த மூன்று நாள் வீணில்லை.

பிளாஸ்டிக் ஸ்பேசரை மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு அலசி, துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் உட்சுவரில் நிலைமின்சாரம் ஏறி, அடிக்கும் மருந்தை அதுவே இழுத்துக்கொள்ளும். புதிய ஸ்பேசரையும் முதல்முறை பயன்படுத்துமுன் இப்படிக் கழுவுவது நல்லது.

பக்கவிளைவு பற்றிய கட்டுரையில் ஸ்பேசர் கழுவுவது எதற்கு என்று கேட்கலாம். காரணம் இது: மருந்து உள்ளே போகாவிட்டால் இளைப்பு அடங்காது, அடங்காவிட்டால் அடுத்த முறை அளவு கூட்டி எழுதப்படும். 200 முறை அடிக்கக்கூடிய இன்ஹேலரில் தினம் 4 பஃப் என்றால் 50 நாள்தான் வரும். 51வது நாளும் அது ‘புஸ்’ என்று அடிக்கும். வருவது உந்துவாயு மட்டும். எண் காட்டும் சாளரம் இல்லாத இன்ஹேலரைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் நம்பத்தகுந்தது இல்லை. தொடங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். காலி இன்ஹேலரின் குற்றத்துக்காகக் குழந்தைக்கு மருந்து இரட்டிப்பாகும். பிறகு யாராவது முறையைச் சரிசெய்யும் நாளில் அந்த இரட்டிப்பு முழுசாக நுரையீரலுக்கு, அங்கிருந்து ரத்தத்துக்குப் போகும்.

உயரத்துக்கு வருவோம். எல்லோரும் கேட்பது இதைத்தான். பதிலும் தெளிவாகவே இருக்கிறது: ஆம், கொஞ்சம் குறையும். ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லி அனுப்புவது சரியில்லை. அமெரிக்காவில் 5 முதல் 12 வயது வரையுள்ள 1,041 குழந்தைகளை வைத்து நடந்த ‘கேம்ப்’ ஆய்வில் ஒரு பிரிவினர் தினமும் 400 மைக்ரோகிராம் பியூடசோனைடு எடுத்தார்கள், நான்கு முதல் ஆறு வருஷம். முதல் இரண்டு வருஷத்தில் மருந்தில்லாப் பிரிவைவிட 1.3 சென்டிமீட்டர் பின்தங்கினார்கள். அவர்களே வளர்ந்து 25 வயதை ஒட்டி நின்றபோது அளந்ததில் வித்தியாசம் 1.2 சென்டிமீட்டர். 2012இல் வெளியான முடிவு இது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்து வருஷக்கணக்கில் தொடர்ந்தும் குறைவு ஆண்டுக்காண்டு கூடவில்லை. முதலில் விழுந்த வித்தியாசம் அப்படியே நின்றுவிட்டது, அவ்வளவுதான். கிலோவுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பதும் முக்கியம்: ஆரம்ப இரண்டு வருஷத்தில் எடைக்குக் கூடுதல் அளவு எடுத்தவர்களிடம் குறைவும் கூடுதலாக இருந்தது. அதனால்தான் சிறிய, எடை குறைந்த குழந்தையிடம் அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் தேவை.

டென்மார்க்கில் பியூடசோனைடு நீண்டகாலம் எடுத்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த இன்னொரு ஆய்வு, அவர்கள் பெற்றோர் உயரத்தை வைத்து எதிர்பார்த்த உயரத்தையே எட்டினார்கள் என்று 2000இல் சொன்னது. முரண்பாடு மாதிரித் தோன்றும். ஒரு சென்டிமீட்டர் என்பது அப்படிப்பட்ட அளவு. எப்படி அளக்கிறோம், யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கண்ணில் படும், படாமலும் போகும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கட்டுப்படாத ஆஸ்துமாவே பருவமடைவதைத் தள்ளிப்போடும். 12, 13 வயதில் வகுப்பிலேயே குள்ளமாக நிற்கும் பையன் பஃப் எடுப்பவனாக இருந்தால் பழி பஃப்பின் மேல்தான் விழும். அவனே இரண்டு மூன்று வருஷம் கழித்து எட்டிப் பிடித்துவிடுவான்.

வீட்டில் அளப்பதானால் ஒழுங்காக அளக்க வேண்டும். செருப்பில்லாமல், குதிகால், பிட்டம், தோள், தலை எல்லாம் சுவரில் பட, பார்வை நேராக. தலைமேல் தட்டையான ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடு போடுங்கள். எப்போதும் ஒரே நேரத்தில். காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். இது தெரியாமல் ஜனவரி காலையையும் ஜூன் மாலையையும் ஒப்பிட்டால் வீண் கலவரம். மாதாமாதம் அளப்பதிலும் பயனில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஐந்து வயதிலிருந்து பருவம் தொடங்கும் வரை ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்வது வழக்கம். 4க்குக் கீழே போனால் உயரங்களைக் குறித்த ஏட்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உயரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறோம். உண்மையில் உயிருக்கு ஆபத்தானது அட்ரினல் ஒடுக்கம். அதைப் பற்றிப் பேசுவதுதான் குறைவு. வெளியிலிருந்து போதுமான ஸ்டீராய்டு வருகிறது என்று மூளை முடிவுகட்டிவிட்டால் அட்ரினலுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். சுரப்பி சும்மா இருந்து சுருங்கும். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. காய்ச்சல், வாந்தி, அறுவைச் சிகிச்சை, அல்லது திடீரென்று பஃப்பை நிறுத்துதல் என்று உடம்புக்குக் கூடுதல் கார்டிசால் தேவைப்படும் நேரத்தில்தான் சுரப்பி கைவிரிக்கும். குழந்தை துவண்டுபோகும், காலையில் வாந்தி எடுக்கும், சர்க்கரை இறங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். பிரிட்டனில் 2002இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் இப்படி நெருக்கடிக்குள்ளான 28 குழந்தைகள் பதிவானார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டிருந்த அளவுதான் கவனிக்க வேண்டியது: நாளுக்கு 500 மைக்ரோகிராமும் அதற்கு மேலும், பெரும்பாலும் ஃப்ளூட்டிகசோன். 6 முதல் 11 வயதுக் குழந்தைக்கு ஃப்ளூட்டிகசோன் புரோபியோனேட்டில் 50 முதல் 100 வரை குறைந்த அளவு, 200ஐத் தாண்டினாலே அதிக அளவு என்றுதான் ‘ஜினா’ என்ற சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி வகுத்திருக்கிறது. பியூடசோனைடு உலர்பொடியில் இதே எல்லைகள் 100 முதல் 200, பிறகு 400.

இந்த இரண்டு வரிசை எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்று புரிந்துகொள்ளாததால் வரும் விபத்து ஒன்று இருக்கிறது. ஃப்ளூட்டிகசோன் பியூடசோனைடைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வீரியமானது. பெக்லோமெத்தசோனிலும் துகள் மிக நுண்ணியதாக உள்ள வகை, சாதாரண வகையைவிட இரண்டு மடங்கு வேலை செய்யும். பழைய இன்ஹேலர் கிடைக்கவில்லை என்று வேறொன்றுக்கு மாறும்போது, பெட்டியில் ‘200’ என்ற எண் ஒன்றாக இருக்கிறதே என்று அப்படியே தொடர்ந்தால் அளவு இரட்டித்துவிடும், யாரும் கூட்டாமலேயே.

கண்ணுக்குத் தெரியாமல் சேரும் மற்ற ஸ்டீராய்டுகளும் உண்டு. ஆஸ்துமா உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் மூக்கு ஒவ்வாமையும் இருக்கும், சிலருக்குக் கரப்பானும். மூக்குக்கு ஒரு ஸ்ப்ரே, தோலுக்கு ஒரு களிம்பு, மார்புக்கு ஒரு பஃப், மூன்றையும் எழுதியது மூன்று வேறு மருத்துவர்கள் என்றால் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க ஆளே இருக்காது. பீட்டாமெத்தசோன் மூக்குச் சொட்டு மருந்து குறிப்பாக ரத்தத்தில் அதிகம் கலக்கும். கல்லீரலின் காவலை முடக்கிவிடும் மருந்துகள் இன்னொரு பக்கம்: பூஞ்சைக்குக் கொடுக்கும் இட்ராகொனசோல், கீட்டோகொனசோல், எச்.ஐ.வி.க்கான ரிட்டோனாவிர். இவற்றோடு ஃப்ளூட்டிகசோனோ பியூடசோனைடோ சேர்ந்தால் சாதாரண அளவே உடம்பில் பலமடங்காகத் தங்கி, முகம் உப்பி, எடை ஏறி, கூடவே அட்ரினலும் ஒடுங்கிப்போகும்.

அதிக அளவில் மாதக்கணக்காக இருக்கும் குழந்தைக்குக் காலை 8 மணியளவில் ரத்தத்தில் கார்டிசால் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் சுரப்பியைத் தூண்டிப் பார்க்கும் ஊசிச் சோதனை இருக்கிறது. அப்படிப்பட்ட குழந்தையிடம் ‘ஸ்டீராய்டு எடுக்கிறது’ என்று எழுதிய அட்டை இருப்பது அவசியம். அவசர சிகிச்சையில் ஹைட்ரோகார்டிசோன் கொடுக்க வேண்டும் என்பதை நினைவூட்ட அதுதான் இருக்கும். பஃப்பை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது.

எலும்பையும் கண்ணையும் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கேம்ப் ஆய்வில் பியூடசோனைடு எடுத்தவர்களின் எலும்பு அடர்த்தியில் வித்தியாசம் இல்லை. வாய்வழி ஸ்டீராய்டு அடிக்கடி வாங்கிய பையன்களிடம் எலும்பில் சேர வேண்டியது குறைந்தது. குறைந்த அளவில் கண்புரைக்குப் பயப்பட வேண்டியதில்லை. தூக்கம் கெடுதல், துறுதுறுப்பு, எரிச்சல் எல்லாம் அரிதாகச் சொல்லப்படுகின்றன. இதற்குப் பயந்து ‘ஸ்டீராய்டு இல்லாத மாத்திரை’ என்று மாண்டிலுகாஸ்ட் கேட்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த மாத்திரைக்குத்தான் மனநிலை மாற்றங்கள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கை போட்டது. பசியும் எடையும் கூடுவது பிரட்னிசோலோனின் குணம், குறைந்த அளவுப் பஃப்பின் தலையில் அதைக் கட்ட வேண்டாம்.

அளவு விஷயத்தில் ஒரு வளைகோட்டை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். பலனின் கோடு ஆரம்பத்தில் செங்குத்தாக ஏறிச் சீக்கிரமே படுத்துவிடும். குறைந்த அளவிலேயே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது. பக்கவிளைவின் கோடு படுப்பதில்லை, அளவோடு ஏறிக்கொண்டே போகும். 5 முதல் 11 வயது வரையுள்ள 254 குழந்தைகளிடம், இளைப்பு தொடங்கும் அறிகுறி தெரிந்ததும் ஏழு நாள் அளவை ஐந்து மடங்காக்கிப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. கடும் இளைப்பு குறையவில்லை. வளர்ச்சி சற்றுக் குறைந்ததற்கான சாயல் தெரிந்தது. மறுபக்கம், மருந்தே எடுக்காமல் இருப்பதன் விலையும் அளக்கப்பட்டிருக்கிறது: கனடாவில் 5 முதல் 44 வயது வரையுள்ளவர்களை ஆராய்ந்து 2000இல் வெளியான கணக்கில், முந்தைய ஆண்டில் கூடுதலாக வாங்கிய ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் ஆஸ்துமா இறப்பு 21 சதவீதம் குறைந்தது.

நடைமுறையில் குழந்தைகள் மாட்டிக்கொள்வது ஏற்றிய அளவை இறக்க மறப்பதில். ஒரு மோசமான இளைப்புக்குப் பிறகு அளவு கூட்டப்படுகிறது. நன்றாகிவிடுகிறது. நன்றாக இருக்கும் குழந்தையை யாரும் மருத்துவரிடம் கூட்டிப்போவதில்லை. பழைய சீட்டைக் காட்டி அதே இன்ஹேலர் மறுபடி மறுபடி வாங்கப்படுகிறது, இரண்டு வருஷம் ஓடிவிடுகிறது. மூன்று மாதம் தொடர்ந்து நன்றாக இருந்தால் அளவில் கால்வாசியிலிருந்து பாதிவரை குறைத்துப் பார்ப்பதுதான் முறை. சளிக்காலத்திலோ பயணத்துக்கு முந்தின வாரத்திலோ வேண்டாம். குறைத்த பிறகு ராத்திரி இருமல், ஓடினால் இருமல், நிவாரண இன்ஹேலர் வாரத்தில் எத்தனை முறை தேவைப்பட்டது என்று மூன்றையும் குறித்து வாருங்கள். கூட்டச் சொன்னாலும் அதற்கு முன்னால் சில கேள்விகள் உண்டு: ஸ்பேசர் முறை சரியா, இன்ஹேலர் காலியா, எத்தனை நாள் விட்டுப்போனது, வீட்டில் புகை உண்டா, மூக்கு அடைப்பு கவனிக்கப்பட்டதா.

அடுத்த முறை போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோய், அங்கேயே ஒரு பஃப் கொடுத்துக் காட்டுங்கள். கூடவே ஒரு சீட்டு: மருந்தின் பெயர், ஒரு பஃப்பில் எத்தனை மைக்ரோகிராம், நாளுக்கு எத்தனை பஃப், கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை முறை பிரட்னிசோலோன், ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு உயரங்கள். மூக்கு ஸ்ப்ரேயையும் களிம்பையும் அந்தச் சீட்டில் எழுத மறக்காதீர்கள். அவற்றை யாரும் கேட்க மாட்டார்கள்.